குடிபூரலுக்கு வந்த பிணந்தின்னி

இலங்கையில் பிணந்தின்னிக் கழுகு கிடையாது. அந்த நாட்டிலேயே பிறந்து அங்கேயே நரைத்தவள் நான்; எனக்கு இது தெரியாது. ஹைதராபாத்தில் அந்தப் பறவையோடு ஒரே அறைக்குள் என்னையும் வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் தெரிந்தது.

நான் போனது குடிபூரலுக்கு. புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுவதற்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். வீடு என் மச்சாள் வசந்தியுடையது. அவள் என் தாய்மாமனின் மகள். சண்டைக்காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவள். அகதி முகாம், சென்னை என்று அலைந்து, கடைசியில் ஹைதராபாத் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த கோபாலைக் கட்டிக்கொண்டு லாலாகுடா குடியிருப்பில் நிலைகொண்டாள். கோபால் அண்ணைக்கு இப்போது ஓய்வு. மாதம் முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். உப்பலில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் கடைசித் தளத்து வீட்டை வாங்கியிருந்தார்கள்.

"என்ர பக்கத்தில நிக்க நீ ஒருத்திதான் இருக்கிறாய் மச்சாள். வராமல் விட்டிடாத" என்று தொலைபேசியில் சொன்னாள். நான் கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். முழங்கால் வலி ஒன்றைத் தவிர என்னைத் தடுக்க எதுவும் இல்லை.

போய் இறங்கியது போகி அன்று. ஆட்டோக்காரர் நான் சொன்ன லாலாகுடாவை லாலாபேட் என்று காதில் வாங்கி, ஏதோ ஒரு கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். பூ விற்கிற ஒரு பெண்ணிடம் தமிழில் கேட்டேன். அவர் தெலுங்கில் நீளமாகப் பதில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று கண்டதும் அதையே இன்னும் உரத்துச் சொன்னார். பிறகு தானே எழுந்து வேறோர் ஆட்டோவை நிறுத்தி, அந்த ஓட்டுநரை இரண்டு வார்த்தை திட்டி, என் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டார். ஓட்டுநர் என்ன குற்றம் செய்தார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வானம் முழுக்கக் காகிதப் பட்டங்கள். எங்களுக்கும் தைப்பொங்கல்தான் பட்டக் காலம். ஆனால் எங்கள் பட்டம் ஆளுயரம். விண் என்கிற கூவும் நாணைப் பூட்டி ஏற்றினால் ஊரே கேட்கும்படி சத்தமிட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். இங்கே கைக்குட்டை அளவுப் பட்டங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் பருந்துகள் வட்டமடித்தன.

எங்களுக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரர் திடீரென்று இரண்டு கைகளையும் விட்டுக் கழுத்தைப் பிடித்தார். வண்டி சரிந்தது. ஆட்டோ அவரை இடிக்காமல் நின்றதே பெரிய காரியம். எழுந்தவரின் கழுத்தில், பேனாவால் கோடு இழுத்ததுபோல ஒரு சிவப்புக் கோடு. அதிலிருந்து இரத்தம் கசிந்து சட்டையில் இறங்கியது. கையில் ஒரு நூல் சிக்கியிருந்தது. அறுந்த பட்டத்தின் நூல். அவர் அதைச் சுருட்டி எறிந்தார், கைக்குட்டையைக் கழுத்தில் கட்டினார், வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் கூடவில்லை. நான்தான் வீடு போய்ச் சேரும்வரை சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஹவ் தங்கச்சி, இங்க பட்டம்னா சண்டைதான்" என்றார் கோபால் அண்ணை. "நூல்ல கண்ணாடித் தூள் தடவுவாங்க. இப்ப அதவிட மோசமான நைலான் நூல் வந்திருக்கு. விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, எல்லாக் கடையிலயும் இருக்குது." அவருடைய தாத்தா அரக்கோணத்துப் பக்கமிருந்து பட்டறை வேலைக்கு வந்தவராம். தமிழ் அந்த ஊர்த் தமிழ். நடுநடுவே 'ஆமாம்' என்பதற்கு ஹவ், 'வேண்டாம்' என்பதற்கு நக்கோ என்று ஹைதராபாத் எட்டிப் பார்க்கும்.

அன்றிரவு வசந்தி இடியப்பமும் சொதியும் வைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சகினாலு வந்திருந்தது. அரிசிமாவில் எள்ளுப் போட்டு வளையம் வளையமாகச் சுற்றிப் பொரித்தது. கடித்தால் பருத்தித்துறை வடை போலவே நொறுங்குகிறது. கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கொண்டுபோன கறித்தூளை மணந்து பார்த்த வசந்தியின் கண்ணிலும் தண்ணீர்தான். போத்தலை இறுக்கி மூடி மேல்தட்டில் வைத்தாள். அவர்களுடைய மகள் ப்ரீத்தி மென்பொருள் வேலை பார்க்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அவசரமென்றால் தெலுங்கு.

பொங்கல் பொங்கினோம். மறுநாள் காலையில் உப்பலுக்குப் போய் வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு வைப்பது, அதற்கடுத்த நாள் கிருகப்பிரவேசம் என்று ஏற்பாடு. வசந்தி பலகாரச் சட்டியோடு லாலாகுடாவிலேயே நின்றாள். கோபால் அண்ணையும் ப்ரீத்தியும் நானும் போனோம். வானம் மூடிக் கிடந்தது, இலைகூட அசையவில்லை.

வீடு அழகாக இருந்தது. கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் இடையில் கதவில்லை. இந்தக் காலத்து அமைப்பு. கூடத்தின் முடிவில் கண்ணாடித் தள்ளுகதவு, அப்பால் பால்கனி. நான் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, சுவாமிப் படம் வைக்கும் மூலையில் கோலம் போட உட்கார்ந்தேன். உட்காருவதற்கு என் முழங்கால் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.

மேலே மொட்டைமாடியில் சத்தம் கேட்டது. "ராபந்து! ராபந்து!" என்று யாரோ கத்தினார்கள். ப்ரீத்தி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள்.

"ஆண்ட்டி, வல்ச்சர்! வாட்டர் டாங்க் மேல. திஸ் பிக்!" இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கை போதவில்லை. "மேல எல்லாரும் அதை விரட்டுறாங்க. ரெஸ்க்யூக்கு போன் பண்றேன்."

தெலுங்கில் ராபந்து என்றால் பிணந்தின்னிக் கழுகு. அது உட்கார்ந்த வீட்டில் சாவு விழும் என்று அங்கே நம்பிக்கை. மேலே குடியிருப்புச் சங்கத் தலைவர் சத்யம் காரு (காரு என்றால் எங்கள் ஐயா மாதிரி) ஆட்களைக் கூட்டி மூங்கில் கழியோடு நிற்கிறாராம், யாரோ எவர்சில்வர் தட்டைத் தட்டுகிறார்களாம். கோபால் அண்ணையும் படியேறிப் போயிருந்தார், ப்ரீத்தியும் தொலைபேசியோடு வெளியே போனாள். தட்டொலி எனக்குக் கேட்டது. பிறகு ஒரே நேரத்தில் பலர் கத்தினார்கள்.

பால்கனி இருண்டது. மேலிருந்து ஒரு பெரிய கம்பளியை யாரோ எறிந்ததுபோலத்தான் இருந்தது. அது பால்கனிக் கம்பியில் மோதி, உள்பக்கமாக விழுந்து, எழுந்து, திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியே நடந்து கூடத்துக்குள் வந்தது.

நடந்துதான் வந்தது. கூன் விழுந்த மனிதர் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தில் நடப்பதுபோல. நகங்கள் தரைக்கல்லில் டக் டக்கென்றன. ஒரு சிறகு மடங்கியிருந்தது, மற்றது தரையில் இழுபட்டது. நான் போட்டுக்கொண்டிருந்த கோலத்தின் மேல் அந்தச் சிறகு போய் மா அழிந்தது. உட்கார்ந்திருந்த என் முகமும் அதன் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

அந்த நேரம் கோபால் அண்ணை வாசல் கதவைத் திறந்தார். பறவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா தெரியாது. "ஐயோ, உள்ள பூந்துடுச்சு!" என்று அலறிக் கதவை அடித்துச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளையும் போட்டார்.

புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னமே, ஐயர் வருவதற்கு முன்னமே, பிணந்தின்னி உள்ளே நுழைந்துவிட்டது. நானும் அதுவும்தான் வீட்டில்.

"அண்ணை, நான் உள்ள நிக்கிறன்!" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பறவை கழுத்தை நீட்டிப் பாம்புபோலச் சீறியது. பிறகு தலையைக் குனிந்து, வாயைத் திறந்து, கூடத்தின் நடுவில் வாந்தி எடுத்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் வைக்க முடியாது. என் கண் எரிந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினேன்.

கதவுக்கு வெளியே இருந்து ப்ரீத்தியின் குரல் வந்தது. முதல் முறையாக முழுத் தமிழில் பேசினாள்.

"ஆண்ட்டி, பயப்படாதீங்க. ரெஸ்க்யூ டாக்டர் லைன்ல இருக்காங்க. அது கடிக்க வராதாம். பயந்தா வாந்தி எடுக்குமாம், வெயிட் குறைச்சிட்டுப் பறக்கறதுக்கு. நாங்க கதவைத் திறந்தா மிரண்டு பால்கனிலருந்து குதிச்சிடும். குதிச்சா செத்துடும். நீங்க அந்தக் கண்ணாடிக் கதவை மூடணும். மூட முடியுமா?"

கண்ணாடிக் கதவு பறவைக்கு அந்தப் பக்கம்.

"என்னால ஏலாது பிள்ளை."

"மெதுவா. அதோட கண்ணைப் பார்க்காம. சுவர் ஓரமா."

வெளியே சத்யம் காரு தெலுங்கில் சொன்னதும் கேட்டது. ப்ரீத்தி பிறகு மொழிபெயர்த்துச் சொன்னாள்: "குதித்தால் குதிக்கட்டும், நமக்குத்தான் நல்லது." வார்த்தை விளங்காவிட்டாலும் அந்தக் குரலுக்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அல்லது அந்தப் பறவை நடுங்கியதைப் பார்த்ததாக இருக்கலாம். சீறிக்கொண்டே நடுங்கியது. இவ்வளவு பெரிய உருவம், கழுத்தடிப் பஞ்சு மயிரெல்லாம் உதற, குளிருக்குள் அகப்பட்ட கிழவிபோல நடுங்கியது.

தரையிலேயே உட்கார்ந்தபடி சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து போனேன். முழங்காலுக்கு அதுதான் சுலபம். பறவை தலையை மட்டும் என்னோடு திருப்பியது. கதவை எட்டிப் பிடித்து இழுத்தேன். அது தன் சட்டத்தில் கிரீச்சென்று ஓடி மூடிக்கொண்டது. பறவை ஒரு துள்ளுத் துள்ளிப் பின்வாங்கி, வாளியில் இடித்து நின்றது.

"மூடியிட்டன்" என்றேன். வெளியே ப்ரீத்தி அழுதாள்.

டாக்டர் வரத் தாமதமாகும் என்றார்கள். சங்கராந்தி மூன்று நாளும் நூலில் அறுபட்ட பறவைகள் ஊரெங்கும் விழுந்துகொண்டே இருக்குமாம். மீட்புக் குழுவில் எல்லோரும் ஆளுக்கொரு திசையில். அதுவரை அசையாமல் இருக்கச் சொன்னார்கள். ப்ரீத்தி எனக்குத் துணையாகக் கதவுக்கு அப்பால் இருந்து தன் தொலைபேசியில் வந்ததை வாசித்துச் சொன்னாள். அப்போதுதான் சொன்னாள், "ஆண்ட்டி, ஸ்ரீலங்கால இந்தப் பறவையே இல்லையாம்."

நான் அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊர் மேடைகளில் எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள், பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன என்று. பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் பிணங்களுக்கு நடுவே நடந்து வந்தவள். என் கண் கண்டது காகமும் நாயும்தான். வானத்தில் ஒன்றும் இருக்கவில்லை. வராத பறவையின் மேல் அத்தனை பழியையும் போட்டிருக்கிறோம்.

மொட்டைத் தலை என்று கேள்விப்பட்டிருந்தேன். மொட்டை இல்லை, குழந்தையின் தலைபோல வெண்மையான மென்மயிர். கழுத்து நீளம். உடம்பு கருமண் நிறம், அதில் வெள்ளைக் கீற்றுகள். இரையைத் தூக்கிப் போகும் நகம் அல்ல இது. கோழிக்காலைப் பெரிதாக்கியதுபோல மொண்ணையாக இருந்தது. இழுபட்ட சிறகின் மூட்டில் பச்சை நிற நூல் பலமுறை சுற்றி, தோலை அறுத்து உள்ளே போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அது என்னை மறந்தது. வாளிக்குள் தலையை விட்டது. அலகு நிறைய அள்ளி, தலையை மேலே தூக்கி விழுங்கியது. மறுபடி அள்ளியது. தண்ணீர் குறையக் குறையக் கழுத்து முழுதாக உள்ளே போனது. பிறகு தலையை முக்கி முக்கிக் கழுவியது. வாந்தி பட்ட அலகை வாளி விளிம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் துடைத்தது. அருவருப்பின் மறுபெயர் என்று நான் நினைத்திருந்த பிராணி, சாப்பிட்டு எழுந்த ஆசாரமான மனிதரைப்போல வாய் கழுவியதைப் பார்த்து நான் திகைத்துப்போனேன்.

மேகம் விலகிக் கண்ணாடி வழியே வெயில் விழுந்தது. அது வெயிலுக்குள் நகர்ந்து, நல்ல சிறகை விரித்தது. விரிந்துகொண்டே போனது. சிறகின் நுனி இறகுகள் விரல்கள்போலப் பிரிந்து சுவரைத் தொட்டன. கூடத்தின் பாதியை அந்த ஒற்றைச் சிறகே அடைத்தது. முடமான சிறகும் விரியப் பார்த்து, நூல் இழுக்க, நின்றுவிட்டது. சத்தமே போடவில்லை. இந்தப் பறவைக்குக் குரலே அவ்வளவுதான், சீறலும் முனகலும்தானாம், ப்ரீத்தி வாசித்தாள்.

டாக்டர் மாதவி ஸ்கூட்டரில் தனியாக வந்தார். சிறிய உருவம். தோளில் ஒரு கட்டில் விரிப்பு, கையில் பெட்டி. கதவைச் சற்றே திறந்து உள்ளே நுழைந்தவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பறவையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வெளியே நின்றவர்களிடம் தெலுங்கில், "ஒரு ஆள் வேண்டும். உடம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. தொட்டால் ஆயுள் குறையும் என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் மறுத்தது.

"நக்கோ தங்கச்சி, நீ உக்காரு" என்றபடி கோபால் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "என் வீடு. நானே பிடிக்கிறேன்."

டாக்டர் விரிப்பைத் தலைமேல் போட்டதும் பறவை அடங்கியது. இருட்டு என்றால் அதற்குப் போதுமாம். கோபால் அண்ணை இரண்டு கையாலும் வாரி அணைத்துத் தூக்கினார். தூக்கியவர் தடுமாறினார். பாரத்தால் அல்ல.

"என்னம்மா இது, ஒண்ணுமே இல்லையே உள்ள!" என்றார். "இறகுதான் இருக்குது. இதோட நெஞ்சு எப்படி அடிக்குது பாரு."

டாக்டர் கத்தரியால் நூலை ஒவ்வொரு சுற்றாக வெட்டிக்கொண்டே பேசினார். ப்ரீத்தி எனக்காகத் தமிழாக்கினாள்.

"இது எந்த ஊர்ப் பறவை?" என்று கேட்டார் கோபால் அண்ணை.

"இமயமலைப் பக்கம். குளிருக்கு இறங்கி வரும். பெரிய பறவைகள் இவ்வளவு தூரம் வராது. குஞ்சுகள்தான் வழி தெரியாமல் சுற்றும்."

"இது குஞ்சா?"

"முதல் குளிர்காலமாக இருக்கும். இவை சிறகடித்துப் பறப்பதில்லை. வெயிலில் தரை சூடாகி எழும்பும் காற்றில் ஏறி மிதக்கும். வானம் மூடிவிட்டால் காற்று எழும்பாது. பசியோடு இறங்கியிருக்கும், இறங்கும்போது நூல் சிக்கியிருக்கும்."

"நான் சின்னப் பையனா இருந்தப்ப தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கூட்டமா உக்காந்திருக்கும். எருமை செத்தா ஒரு மத்தியானத்துல எலும்புதான் மிஞ்சும். அப்புறம் ஒண்ணையும் காணோம். எங்க போச்சு?"

டாக்டர் தலை நிமிராமல் சொன்னார். "செத்துப்போயின. மாட்டுக்கு வலி என்றால் ஓர் ஊசி போட்டார்கள். அந்த மாடு செத்து, அதை இவை தின்றால் சிறுநீரகம் நின்றுவிடும். அழுகியதைத் தின்னும், கொடிய நோய்க்கிருமியையும் செரிக்கும் வயிறு. இந்த ஒரு மருந்தைத் தாங்கவில்லை. ஒரு பிணத்தில் ஒன்று இறங்கினால் தூரத்தில் மிதக்கும் மற்றவை அதைப் பார்த்து இறங்கும். அவற்றைப் பார்த்து இன்னும் தூரத்தில் உள்ளவை இறங்கும். அப்படியே கூட்டம் கூட்டமாக முடிந்தது. மாட்டுக்குப் போடக் கூடாதென்று தடை வந்துவிட்டது. ஆனால் மனிதருக்கான மருந்துதானே, எங்கும் கிடைக்கிறது."

"என்ன மருந்து?" என்றேன்.

"டைக்குளோபினாக்" என்றார்.

ப்ரீத்தியைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். பிறகு என் கைப்பையை எடுத்துத் திறந்தேன். முழங்காலுக்கு யாழ்ப்பாணத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை. அதன் மேல் அதே பெயர் இருந்தது. காலையில் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று போட்டிருந்தேன். டாக்டர் அட்டையைப் பார்த்தார், தலையசைத்தார், மறுபடி நூலை வெட்டத் தொடங்கினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அட்டையைக் கைப்பையின் அடியில் திணித்தேன்.

பறவையை விரிப்போடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, வரவழைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டர் போய்விட்டார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். சத்யம் காரு ஐயருக்குத் தொலைபேசி போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். ஐயர் பதறினார். கூரையில் உட்கார்ந்தாலே தோஷம், உள்ளே வந்து கக்கியும் வைத்ததா, ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப்போடுங்கள், பிறகு சாந்தி செய்து பார்க்கலாம் என்றார். கோபால் அண்ணை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வாந்தி.

"ஆறு மாசம் எங்க போறது? குவார்ட்டர்ஸ் மாசக் கடைசியில விடணுமே" என்று தனக்குத்தானே சொன்னார்.

இந்த நேரத்தில் வசந்தி பலகாரத் தூக்குகளோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, படியேறி வந்தாள். ப்ரீத்தி நடந்ததைச் சொன்னாள்.

"செத்துப்போச்சோ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்ல அம்மா. கொண்டுபோயிட்டாங்க."

பிறகு ஐயர் சொன்னதைச் சொன்னார்கள். வசந்தி தூக்குகளைக் கீழே வைத்தாள். என்னோடு பேசும்போது தவிர, இத்தனை வருடத்தில் அவள் பேச்சும் பாதி ஹைதராபாத் ஆகியிருந்தது. அன்றைக்கு வாயிலிருந்து வந்தது எங்கள் ஊர்ப் பேச்சு மட்டும்.

"இஞ்சாருங்கோ, கேளுங்கோ. ஷெல்லுக்குப் பயந்து ஒரு வீட்டை விட்டனான். அடுப்பில சோறு கொதிச்சுக்கொண்டு கிடந்தது. ஆமி வருதெண்டு இன்னொரு வீட்டை விட்டனான். முகாமில தந்த கொட்டிலையும் மழைக்கு விட்டனான். ஒரு பறவைக்கு நான் வீடு விடமாட்டன்."

கோபால் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். ப்ரீத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, யூ நெவர் டோல்ட் மீ" என்றாள். வசந்தி சேலையைத் தூக்கிச் செருகினாள், பினாயில் கேட்டாள், கூடத்தைத் தானே கழுவினாள். மூன்று முறை கழுவியும் நாற்றம் போகவில்லை. அந்த நாற்றத்தோடேயே அடுப்பைப் பற்றவைத்து, மறுநாளைக்கு வாங்கி வைத்திருந்த பாலை ஊற்றினாள். மந்திரம் இல்லை, நேரம் பார்க்கவில்லை. நான் அவள் பக்கத்தில் நின்றேன். பால் பொங்கி வழிந்து புது அடுப்பெல்லாம் ஆனது.

சத்யம் காரு பால் வேண்டாம் என்று போய்விட்டார். எதிர்வீட்டுப் பெண் மட்டும் மூக்கைச் சுளித்தபடியே வந்து ஒரு மடக்குக் குடித்தார். மறுநாள் ஐயர் வரவில்லை. அழைத்தவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பறவை நின்ற இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் திரும்புவதற்கு முதல் நாள் டாக்டர் மாதவி ப்ரீத்தியை அழைத்தார். காயம் ஆறும் போலிருக்கிறது, ஆனால் பறவை இன்னும் ஒரு வாய் தின்னவில்லை, இன்றும் தின்னாவிட்டால் கஷ்டம் என்றார். வசந்தி உடனே செருப்பைப் போட்டாள். நானும் போனேன்.

ஊருக்கு வெளியே, தகரக் கொட்டகைகள். முதல் கொட்டகையில் பருந்துகள். வரிசை வரிசையாகக் கட்டையில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறகு இல்லை. நூல் அறுத்த சிறகை வெட்டி எடுத்திருந்தார்கள். நாங்கள் கடந்து போனபோது ஒன்று மிச்சமிருந்த சிறகை விரித்தது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மடக்கிக்கொண்டது. முற்றத்து வானத்தில் பட்டங்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன.

கடைசிக் கொட்டகையில் பச்சை வலைக்குப் பின்னால் அது நின்றது. கட்டுப்போட்ட சிறகோடு, மூலையைப் பார்த்தபடி. முன்னால் ஆட்டிறைச்சி கிடந்தது, தொடவில்லை. மருந்து ஏறாத ஆடு என்று உறுதி செய்து வாங்கியதாம். வலையிலிருந்த கிழிசல் வழியாக ஆளுக்கொரு கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் கடுத்தது. வசந்தி நகரவில்லை.

ஒரு கட்டத்தில் அது திரும்பியது. இறைச்சியைச் சுற்றி ஒரு நடை நடந்தது. ஒரு காலை அதன் மேல் வைத்தது. பிறகு நடந்ததைக் கண்ணால் தொடர முடியவில்லை. கொத்திப் பிடுங்கி, உதறி, விழுங்கி, மறுபடி கொத்தி, கழுத்து வீங்கி இறங்குவதற்குள் அடுத்த துண்டு. முள் முள்ளான நாக்கு ஒரு கணம் தெரிந்தது. தலையின் வெண்மயிரெல்லாம் சிவப்பானது. மூச்சு விடுகிறதா என்று பயந்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வசந்தி திருப்பவில்லை. வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, அவசரமாக விழுங்கும் குழந்தைக்குச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள்:

"ஆறுதலாத் தின் குஞ்சு. ஒருத்தரும் பறிக்கமாட்டினம்."